டோராவின் தாய் எங்கே?

மேஜை மேல் உடல் கிடந்தது.

விறைத்துப்போன நான்கு கால்கள். வாயோரம் காய்ந்த நுரை. கழுத்தில் சிவப்பு ரிப்பன்...

"டோரா... எழுந்திருடி!"

ஆர்த்தி உலுக்கினாள். குட்டி நாய் அசையவில்லை.

விழுப்புரத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவள் ஆர்த்தி. லாரிக்காரனிடம்கூட குரலைத் தாழ்த்தாதவள். அவள் அழுவதை கால்நடை டாக்டர் மல்லிநாதன் இன்றுதான் பார்க்கிறார்.

"பார்வோ வைரஸ்மா. வாங்கும்போதே உள்ள இருந்திருக்கு."

"ஊசி எல்லாம் போட்டாச்சுன்னானே டாக்டர்!"

"பொய்! பல்லைப் பாரு. இன்னும் பால் குடிக்கற வயசு. தாய்கிட்டேர்ந்து புடுங்கி வித்திருக்கான். அப்புறம்..."

"சொல்லுங்க."

"இது நீ கேட்ட லாசா ஜாதி நாயே இல்ல. எதையோ உன் தலையில கட்டிட்டான்."

கண்ணீர் நின்றது. ஆர்த்தி போனை எடுத்தாள்.

எதிர்முனையில் சக்கரபாணி. திண்டிவனத்தில் 'சக்ரா பெட் பேலஸ்' என்று போர்டு மாட்டி ஜாதி நாய்க்குட்டி விற்பவன்.

"நீ வித்த குட்டி செத்துப் போச்சு!"

"அடடா... நீங்க இன்னா போட்டீங்க? பரோட்டா கிரோட்டா போட்டிருப்பீங்க!"

"நோயோட வித்துட்டு என்னையா சொல்ற?"

"இந்தாம்மா, பேஜாரு பண்ணாத. வேணும்னா வேற குட்டி தர்றேன். வாயை மூடிக்கினு எடுத்துக்கினு போ."

"குட்டி வேணாம். டோராவோட தாயைக் காட்டு!"

 சக்கரபாணியின் குரல் இறங்கியது.

"தனியா இருக்கற பொம்பள நீ. உன் வீடு எதுன்னு எனக்குத் தெரியும்..."

"நல்லதாப் போச்சு. உன் வீடும் எனக்குத் தெரியும். வந்துக்கினே இருக்கேன்!"

கட்.

"ஆர்த்தி, தனியாப் போகாத!" பதறினார் மல்லிநாதன்.

"தனியாத்தானே டாக்டர் ஏமாந்தேன்!"

'எல்' போர்டு மாட்டிய கார் நெடுஞ்சாலையில் சீறியது. மயிலம் திருப்பம் பின்னால் ஓடியது. ஹாரன் அடித்த பஸ்கள் எல்லாம் வழி விட்டன.

திண்டிவனம்.

சக்கரபாணியின் கேட்டுக்குக் குறுக்கே காரை நிறுத்தினாள். இனி உள்ளிருந்து ஒரு சைக்கிள்கூட வெளியே போக முடியாது.

"ஏய், வண்டிய எடு!" பனியனோடு ஓடி வந்தான் சக்கரபாணி.

"தாயைக் காட்டு. எடுக்கறேன்."

பல்லைக் கடித்தபடி கண்ணாடிக் கதவைக் காட்டினான். உள்ளே ஏசி ஓடியது. சோபாவில் வெள்ளை வெளேரென்று ஒரு லாசா. தரையைத் தொடும் முடி. ராணி மாதிரி தூக்கம்!

"அதோ. பாத்துட்டியா? கெளம்பு."

"கதவைத் திற. கிட்டப் போய்ப் பாக்கணும்."

"குட்டி போட்ட நாய். கடிச்சிடும்!"

"வாங்கும்போதும் இதையேதான் சொன்ன!"

அப்போதுதான் கேட்டது... வீட்டின் பின்பக்கமிருந்து, ஒரு முனகல்.

ஆர்த்தி ஓடினாள். ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. மூடியிருந்த தார்ப்பாயை இழுத்தாள்.

"ஐயோ...!"

வரிசையாகத் துருப்பிடித்த கூண்டுகள். உள்ளே பெண் நாய்கள். முடி உதிர்ந்து, மடி தொங்கி, எழுந்து நிற்கவும் முடியாமல்... ஒன்றுகூடக் குரைக்கவில்லை!

கடைசிக் கூண்டில் ஒரு சின்ன நாய். டோராவுக்கு இருந்த அதே பழுப்புக் காது. வெறும் கோணிப்பையைக் குட்டி என்று நினைத்து நக்கிக்கொண்டே இருந்தது.



படம் எடுக்கப் போனை உயர்த்தினாள். பின்னாலிருந்து ஒரு கை அதைப் பிடுங்கியது.

தொபுக்!

போன் தண்ணீர்த் தொட்டிக்குள் மூழ்கியது. சக்கரபாணியின் இன்னொரு கையில் இரும்புக் கம்பி!

"இப்ப யாரக் கூப்புடுவ?"

"யாரையும் கூப்பிடல. அடிக்கணும்னா அடி. இந்தக் கொட்டகைய விட்டு நகர மாட்டேன்!"

கூண்டுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

அவன் கை தயங்கியது. கம்பியைப் போட்டுவிட்டுத் தன் போனை எடுத்தான்.

"கிருஷ்ணசாமி அண்ணே, ஜல்தி வாங்க. ஒருத்தி வூட்டாண்ட வந்து கலாட்டா பண்றா!"

கிருஷ்ணசாமி. கல்யாண மண்டப முதலாளி. அந்த ஏரியாவில் அவர் பேர் சொன்னால் புகார் கொடுக்க வந்தவர்களே திரும்பிப் போவார்கள். இதுவரை சக்கரபாணிக்காகப் போனிலேயே மிரட்டியவர், இன்றுதான் நேரில் வருகிறார்.

வந்தார். ஆறடி உயரம். கறுப்புக் கண்ணாடி. வாசலில் நின்றபடியே பின்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"யாரும்மா நீ? இவன் என் ஆளு. மரியாதையா வண்டிய எடுத்துக்கினு ஊர் போய்ச் சேரு."

"தப்பு பண்ணவன் அவன். நான் ஏன் போகணும்?"

"விடுங்கண்ணே, உள்ள வந்து உக்காருங்க. நான் பேசிக்கறேன்," என்று சக்கரபாணி கண்ணாடிக் கதவைத் திறந்தான்.

திறந்ததுதான் தாமதம்...

சோபாவிலிருந்து வெள்ளைப் பந்து ஒன்று பாய்ந்தது! நேராகக் கிருஷ்ணசாமியின் மார்பில்! முகமெல்லாம் நக்கியது. கறுப்புக் கண்ணாடி தெறித்து விழுந்தது.

"சி... சிம்பா!"

ஆறடி மனிதரின் கண் கலங்கியது.

"என் சிம்பாடா! தீபாவளி வெடிக்கு பயந்து ஓடினவன்... ஆளை விட்டு ஊரெல்லாம் தேடினேனேடா!"

"அண்ணே... எவனோ வித்தான், வாங்கினேன்... இது தாய் நாய்ண்ணே..."

பளார்!

"தாயா? டேய், அது ஆம்பளடா!"

சக்கரபாணி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டினான். சத்தம் கேட்டு ஆர்த்தி முன்பக்கம் ஓடி வந்தாள்.

சிம்பாவை அணைத்தபடி கிருஷ்ணசாமி கிளம்பினார். "இவன நான் பாத்துக்கறேன். நீ போம்மா."

ஆர்த்தி வழி மறித்தாள்.

"உங்க புள்ள கெடச்சுட்டான். பின்னாடி கூண்டுல கெடக்குதுங்களே, அதுங்கள யாரு பாக்கறது? இவ்வளவு நாளா இவனுக்குத் துணை நின்னது நீங்கதானே?"

அவரிடம் இதுவரை யாரும் இப்படிப் பேசியதில்லை. அவர் முகம் சிவந்தது. கொட்டகைப் பக்கம் போனார். பார்த்தார். சிம்பாவின் முகத்தைத் தன் தோளில் புதைத்துக்கொண்டார், அது பார்த்துவிடக் கூடாது என்பதுபோல.

"போலீஸுக்கு நான் சொல்றேன்..."

"போனை இப்படிக் குடுங்க. என்னுது தொட்டியில கெடக்கு. புகாரை நானே சொல்லிக்கறேன்!"

போனை அவள் கையில் கொடுத்தார்.

ஜீப் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் அனந்தவல்லி பூட்டுகளை உடைக்கச் சொன்னார். பழுப்புக் காது நாய் வெளியே வந்து, மண்ணில் கால் வைக்கத் தெரியாமல் நின்றது. ஆர்த்தி அதை மடியில் அள்ளிக்கொண்டாள்.

"இவ என்கூட வர்றா மேடம். இதுல மட்டும் பேச்சே இல்ல!"

அனந்தவல்லி சிரித்தார். ஜீப்பில் தலை குனிந்திருந்த சக்கரபாணியைப் பார்த்தார்.

"மோசடி, மிருகவதை, மிரட்டல், திருட்டு நாயை வாங்கினது... புகார்ல வேற ஏதாவது சேக்கணுமாம்மா?"

"ஒண்ணு பாக்கி மேடம்," என்றாள் ஆர்த்தி.

"ஆம்பள நாயைக் குட்டி போட வெச்சிருக்கான்... அதுக்கு ஏதாவது செக்‌ஷன் இருக்கா?"