இரண்டாம் தாளின் முதல் பெயர்

"நான் அந்த மனுசரக் கொல்லப் பார்த்தேனாம் அக்கா" என்று சொல்லிவிட்டுப் பிரேமலா மடிக்கணினியை மேசைமேல் வைத்தாள்.

லூனாஸ் ஊரில் ஷாமளாவைத் தெரியாதவர்கள் குறைவு. காப்புறுதிக் கோரிக்கைகளை விசாரித்து ஓய்வு பெற்றவர். மைலோ கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார். "மெதுவா சொல்லும்மா."

பீடோங் நலச் சங்கம் சிறுநீரக நோயாளிகளை டயாலிசிஸ் நிலையத்துக்கு வேனில் அழைத்துப் போகிறது. அந்தப் பயண அட்டவணையைத் தயாரிப்பவள் பிரேமலா. நோயாளிகளின் விவரங்களை ஊர்வாரியாக எக்ஸ்எம்எல் என்னும் கணினிக் கோப்பில் பதிந்து வைப்பாள். அச்சுக்கோக்கும் மென்பொருள் அதை வாசித்துத் தானே கட்டம் போட்டு அட்டவணையாக்கிவிடும். இந்த மாதம் பெண்டாங் ஊரில் இருக்கும் நோயாளி சின்னையாவை வேன் லூனாஸில் தேடிவிட்டுப் போய்விட்டது. சிகிச்சை தவறி, மூச்சுத் திணறி, மருத்துவமனையில் கிடந்து இப்போதுதான் வீடு திரும்பியிருக்கிறார்.

"அவரு மகனுக்கும் எனக்கும் நிச்சயம் ஆயி, அவங்கதான் நிறுத்துனாங்க. அதுக்குப் பழி வாங்கிட்டேன்னு சங்கத்துல சொல்றாங்க. வேலையவும் பிடுங்கிட்டாங்க."

ஷாமளாவின் கொழுந்தன் இருளப்பன் அதற்குள் மடிக்கணினியில் அந்தக் கோப்பைத் திறந்திருந்தான். பெண்டாங்கின் கீழ்க் கடைசிப் பெயர் சின்னையா. "கோப்பு சரியாத்தான் இருக்கு அண்ணி! அச்சகக்கார தினேஸ்வரன்தான் மாத்திட்டாரு லா!"

"இவளே பின்னாடி திருத்திட்டான்னு சொல்வாங்க தம்பி. அச்சான தாளக் காட்டு."

இரண்டு தாள்கள். முதலாவது பெண்டாங் ஓட்டுநருக்கு, மற்றது லூனாஸ் ஓட்டுநருக்கு. இரண்டாம் தாளின் முதல் வரிசையில் சின்னையா. ஊர்க் கட்டம் காலி. அதன் கீழே தடித்த கோடு. அடுத்த வரிசையில் 'லூனாஸ்'.

"இந்தத் தடிச்ச கோடு எப்ப வரும்?"

"ஒரு ஊரு முடிஞ்சா வரும் அக்கா."

அச்சுக்கு அனுப்பும் முன் பிரேமலா எடுத்துப் பார்த்த மாதிரித் தாளையும் ஷாமளா வாங்கினார். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "நாளைக்கு மத்தியானம் எல்லாரையும் சங்கத்துக்கு வரச் சொல்லு."

மறுநாள் சங்கத்தில் செயலாளர் அய்யாவு தாளைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படித்தார். "லூனாஸ் தாள்ல இவரு பேரு இருக்கே. வேற என்ன ஆதாரம் வேணும்?"

"நல்லாப் பாருங்க அண்ணே" என்றார் ஷாமளா. "ஊர்ப் பேரு அந்த ஊரோட முதல் ஆளுக்கு நேராத்தான் வரும். இவர வேணும்னே லூனாஸ்ல சேர்த்திருந்தா, 'லூனாஸ்' இவருக்கு நேரா நின்னிருக்கும். இங்க அடுத்தவருக்கு நேரா நிக்குது. நடுவுல தடிச்ச கோடு. மென்பொருளப் பொறுத்தவரைக்கும் இவரு இன்னும் பெண்டாங்காரர்தான்."

"அப்ப இந்தத் தாளுக்கு எப்படி வந்தாரு?" என்று இருளப்பன் கேட்டான்.

"மாதிரியில பெண்டாங் முதல் தாளோட சரியா முடியுது. இதுல ஒரு எழுத்தும் அதோட பொருந்தல. யாரோ எழுத்தப் பெரிசாக்கிட்டாங்க. கட்டமும் உயர்ந்து, பெண்டாங்கோட கடைசி ஆளுக்கு முதல் தாள்ல இடமில்லாமப் போச்சு. ஊர்ப் பேரு அங்கயே நின்னுடுச்சு, இவரு மட்டும் இங்க வந்துட்டாரு."

பிரேமலா அங்கேயே மடிக்கணினியில் எழுத்தளவைக் கூட்டிக் காட்டினாள். சின்னையாவின் பெயர் அடுத்த பக்கத்துக்கு வழுக்கிப் போனது.

"தினேஸ்வரன், யாரு பெரிசாக்கச் சொன்னது?"

அச்சகக்காரர் அய்யாவுவைப் பார்த்தார். அய்யாவு தாளை மடியில் வைத்தார்.

"நான்தான். பெரியவங்க படிக்கச் சிரமப்பட்டாங்க. எழுத்துதானே, என்ன ஆகிடப்போவுதுன்னு நெனச்சேன். இந்தப் புள்ளையப் போயி..."

மூலையில் உட்கார்ந்திருந்த சின்னையா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "எம் மகன் செஞ்சதுக்கு நீ என்ன செஞ்சாலும் ஞாயம்னு ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே நெனச்சேன்மா. நீ ஒண்ணுமே செய்யலயே."

பிரேமலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அட்டவணைய நீயே திரும்பப் பார்த்துக்கிறியாம்மா?" என்று அய்யாவு தயங்கிக் கேட்டார். "எழுத்தப் பழையபடி சின்னதாவே..."

"வேணாம் அண்ணே, பெரிசாவே இருக்கட்டும்" என்றாள். புதுத் தாள் தொடங்கும்போதெல்லாம் ஊர்ப் பெயர் மறுபடி வரும்படி ஒரு கட்டளையை அங்கேயே எழுதிச் சேர்த்தாள்; இனி இரண்டு தாள்களையும் ஓட்டுநர் இருவருக்கும் கொடுக்கச் சொன்னாள்.

அடுத்த முறை, பெண்டாங்கில் சின்னையா செருப்பை மாட்டி முடிப்பதற்குள் வாசலில் வேன் ஹாரன் அடித்தது.