ஸ்கேனில் பிறந்த பேரன்

சமையலறை ஜன்னலில் வெளிச்சம் வருவதற்குள்ளேயே அடுப்பில் நீலச்சோளக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. செலஸ்தினா அதைக் கரண்டியால் துழாவியபடி, திரும்பிப் பார்க்காமலேயே மருமகளிடம் கேட்டாள்.

"நேத்து ஸ்கேன்ல ரூபென் என்ன பண்ணிட்டிருந்தான்? தூங்கினானா, காலை ஆட்டினானா?"

மரிசெலா கடிக்கப் போன ரொட்டித் துண்டைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள். எதிரே உட்கார்ந்திருந்த அவள் கணவன் எலாய் காப்பிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். மேசைக்கு அடியில் அவன் கால் அவள் காலை மெல்ல அழுத்தியது. சொல்லாதே என்று அர்த்தம்.

"நல்லாத்தான் இருக்கு அத்தை."

"இருக்குன்னு சொல்லாதே... இருக்கான்னு சொல்லு." செலஸ்தினா சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் மரிசெலாவுக்கு எழுந்து எங்காவது ஓடிவிடலாமா என்றிருந்தது.

நடுவில் பல மாதம் அந்த வீட்டில் சிரிப்பே கேட்கவில்லை. மே மாதம்வரை ரூபென் உயிரோடு இருந்தான். எலாயின் தம்பி, செலஸ்தினாவின் கடைக்குட்டி. எஸ்பனோலா ஊருக்கு வடக்கே, ஆற்றை ஒட்டி வளைந்து போகும் நெடுஞ்சாலையில் அவன் ஓட்டி வந்த பிக்கப் வண்டி உருண்டது. அடக்கம் முடிந்து வந்த செலஸ்தினா அவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பாடு கிடையாது, குளியல் கிடையாது, பூசைக்குப் போவதும் கிடையாது. புருஷனை இழந்து தனியாகவே இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவள், அந்தக் கோடையில் எலும்பும் தோலுமாகிப் போனாள்.

மரிசெலா அப்போது ஆல்புகர்க்கி நகரத்தில் நர்ஸ் படிப்பின் கடைசி வருஷத்தில் இருந்தாள். எலாய் கேட்கக்கூட இல்லை. அம்மாவை நினைத்து அவன் சோபாவில் உட்கார்ந்து அழுததைப் பார்த்தவள், அவளாகவே படிப்பை நிறுத்தினாள்; வாடகை வீட்டைக் காலி செய்தாள்; மாமியார் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். மாமியாருக்குத் தலை வாரிவிட்டாள், கரண்டி கரண்டியாக சூப் ஊட்டினாள். பாதி நாட்கள் செலஸ்தினா அதைத் துப்பிவிடுவாள். வந்த கொஞ்ச நாளிலேயே தான் கர்ப்பமாக இருப்பது மரிசெலாவுக்குத் தெரிந்தது. அதைச் சொன்னபோதுகூட மாமியாரின் கண் அசையவில்லை.

செப்டம்பரில் முதல் ஸ்கேன். கூடவே எலாயும் வந்திருந்தான். ஆணா பெண்ணா என்று அவன்தான் துருவித் துருவிக் கேட்டான். ஸ்கேன் எடுத்த பெண் முதலில் மழுப்பினாள். பதினான்கு வாரத்தில் எல்லாக் குழந்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும், கோணம் கொஞ்சம் மாறினாலும் ஏமாற்றிவிடும், இருபதாவது வாரத்தில் பார்த்தால்தான் நம்பிச் சொல்லலாம் என்றாள். அவன் விடவில்லை. கடைசியில் அவள் திரையில் ஒரு சின்னப் புள்ளியைக் காட்டி, "என் ஊகம்தான்... பையன் மாதிரி தெரியுது," என்றாள்.

ஊகம் என்ற சொல் மரிசெலாவின் காதில் விழுந்தது. எலாய் காதில் பையன் மட்டும்தான் விழுந்தது. அவள் உடை மாற்றிக்கொண்டு வெளியே வருவதற்குள் அவன் அம்மாவுக்கு போன் போட்டுவிட்டிருந்தான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது முற்றத்தில் புகை. செலஸ்தினா குளித்து, கூந்தலை முடிந்து, பச்சை மிளகாயை நெருப்பில் வாட்டித் தோலுரித்துக்கொண்டிருந்தாள். மரிசெலாவைக் கண்டதும் காரக் கையோடு வந்து அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். "திரும்பி வர்றான்டி... என் ரூபென் திரும்பி வர்றான்." மிளகாய்க் காந்தல் கன்னத்தில் எரிந்தது. இப்போதுதான் எழுந்து நடமாடும் மனுஷியிடம் ஊகம் என்று எப்படிச் சொல்வது?

பிறகு அந்த வீடே மாறிப்போனது. ரூபெனின் அறைக்கு நீல வண்ணம் பூசினார்கள். ஸ்கேன் படம் ஃபிரிட்ஜ் கதவில், ரூபெனின் போட்டோவுக்குப் பக்கத்தில் ஏறியது. பங்குச் சாமியாரிடம் ஞானஸ்நானத்துக்குப் பெயரே கொடுத்தாகிவிட்டது. மரிசெலாவும் மெல்ல மெல்ல அதை நம்ப ஆரம்பித்தாள். தனியாக இருக்கும்போது வயிற்றைத் தடவி, "டேய் ரூபென்," என்று கூப்பிடப் பழகினாள்.

அக்டோபர் கடைசியில் இரண்டாவது ஸ்கேனுக்கு அவள் தனியாகத்தான் போனாள். அதே பெண். நெடுநேரம் பார்த்தாள், இன்னொருத்தியைக் கூப்பிட்டும் பார்த்தாள். பிறகு மரிசெலாவின் கையைத் தொட்டுச் சொன்னாள். பெண் குழந்தை. முன்பு தெரிந்தது கால்களுக்கு நடுவே கிடந்த தொப்புள்கொடி. மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். இந்த முறை எவ்வளவு நிச்சயம் என்று மரிசெலா கேட்டாள். நூற்றுக்கு நூறு என்று எந்த ஸ்கேனும் கிடையாது, ஆனால் இதில் எனக்குச் சந்தேகமில்லை என்றாள் அந்தப் பெண்.

அழைத்துப் போக வந்த எலாயிடம் வண்டியிலேயே சொன்னாள். அவன் வண்டியை ஓரம் கட்டினான்.

"அன்னிக்குச் சொன்னதும் இதே மெஷின்தானே. அது தப்புன்னா இதுவும் தப்பா இருக்கலாம் இல்ல?"

"அன்னிக்கே அவ ஊகம்னுதான் சொன்னா எலாய். அத்தைகிட்டச் சொல்லிடலாம். இப்பவே சொல்லிட்டா..."

"இப்பவா? கல்லறைத் திருநாள் வருது. அம்மா இப்பதான் சாப்பிடவே ஆரம்பிச்சிருக்கு. கொன்னுடுவோம் மரிசெலா, நாமளே அம்மாவைக் கொன்னுடுவோம்." அவள் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "பொறக்கிற வரைக்கும் பொறு. கைல குழந்தையக் குடுத்துட்டா மனசு மாறிடும். அப்ப நானே சொல்லிக்கறேன்."

அவள் ஒத்துக்கொண்டாள்.

ஒத்துக்கொண்ட மறுநாள், அந்தக் கஞ்சி நேரத்தில்தான் அது எவ்வளவு பெரிய பாரம் என்று தெரிந்தது. செலஸ்தினா தினமும் அந்தப் படத்தின் முன்னால் நின்று பேசுவாள். வருகிறவர்களுக்கெல்லாம் அந்தப் புள்ளியை விரலால் தொட்டுக் காட்டுவாள். அது தொப்புள்கொடி என்று மரிசெலாவுக்குத் தெரியும். ஒரு நாள் துணிந்து, ஸ்கேன் சில சமயம் தப்பாகும் அத்தை, பிறந்த பிறகுதான் நிச்சயம் என்று சொல்லிப் பார்த்தாள். கண்ணால் பார்த்ததற்கு மேல் என்ன நிச்சயம் வேண்டும் என்று கேட்டு, செலஸ்தினா அவளுக்கு இன்னொரு கிண்ணம் கஞ்சி ஊற்றினாள். மருமகளின் பாதம் வீங்கினால் தன் பிள்ளைக்கே செய்வதுபோல எண்ணெய் தடவிவிடுவாள். அந்த அன்பு முழுவதும் வேறொருவனுக்குப் போகிறது, தன் வயிற்றில் கிடப்பவளுக்கு அதில் ஒரு துளிகூட இல்லை என்று நினைத்து மரிசெலா சுவர்ப் பக்கம் திரும்பி அழுவாள். எலாயிடம் கெஞ்சுவாள். அவன் போனில் எங்கெங்கோ தேடி, பெண் என்று சொல்லிப் பையன் பிறந்த கதைகளை வாசித்துக் காட்டுவான்.

மார்ச்சில் வலி கண்டது. ஒரு பகலும் ஓர் இரவும் பட்ட பாட்டுக்குப் பிறகு குழந்தை அழுதது. பெண்.

செலஸ்தினா ஆஸ்பத்திரிக் கட்டிலருகே வந்து குனிந்தாள். முகத்தில் கோபமில்லை, வழி தவறி வந்துவிட்டவள்போல ஒரு திகைப்பு மட்டும். குழந்தையைத் தொடக் கை நீண்டது. அந்த நேரத்தில்தான் துணி மாற்ற வந்த நர்ஸ் ஃபைலைப் பார்த்து வெள்ளந்தியாகச் சொன்னாள், "பாப்பாவுக்குப் பேரெல்லாம் தயாரா இருக்குமே. அக்டோபர்லயே பொண்ணுன்னு தெரிஞ்சிருக்கு."

நீண்ட கை அப்படியே நின்றது.

"அக்டோபர்லயா?" செலஸ்தினா மருமகளைப் பார்த்தாள். பிறகு மகனை. "உனக்குத் தெரியுமாடா?"

அம்மா எலாயின் சட்டையைப் பற்றியிருந்தாள். "தெரியாதும்மா," என்றான்.

மரிசெலா அவனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும்... ஆனால் அந்தத் தாயின் விரல்கள் மிச்சமிருக்கும் ஒரே பிள்ளையை எப்படி இறுக்கிப் பிடித்திருக்கின்றன என்பதும் அவள் கண்ணில் பட்டது. அவள் குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். பேசாமல் இருந்ததே குற்றத்தை ஒப்புக்கொண்டது போலாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் செலஸ்தினா நீல அறைக்குள் போய்விட்டாள். குழந்தைக்கு பாலோமா என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. மருமகள் வைத்த சாப்பாட்டைத் தொடவில்லை, தானே எதையோ கரைத்துக் குடித்தாள். ஒரு நாள் மரிசெலா குளித்துக்கொண்டிருந்தபோது குழந்தை வீறிட்டது. ஈரத்தலையோடு ஓடி வந்து பார்த்தால் தொட்டிலுக்கு எதிரே செலஸ்தினா நின்றிருந்தாள், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. குழந்தை கதறக் கதறப் பார்த்துக்கொண்டு... இவ்வளவு வெறுப்பா என்று மரிசெலா குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள்.

எலாய் தினமும் நாளைக்குச் சொல்லிவிடுகிறேன் என்பான். பிறகு வேலைக்குப் போய்விடுவான். அவனைத் திட்டக்கூட அவளுக்குத் தெம்பில்லை. இரவெல்லாம் பால் கொடுத்து, பகலெல்லாம் அந்த மூடிய கதவைத் தாண்டித் தாண்டி நடந்து, தான் செய்த தப்பு என்ன என்பதே அவளுக்கு மறந்துபோகும்போல இருந்தது.

ஈஸ்டர் அன்று பூசை முடிந்து உறவினர்கள் வந்திருந்தார்கள். யாரோ குழந்தையைக் கொஞ்சி, செலஸ்தினாவின் மடியில் வைக்கப் போனார்கள். அவள் எழுந்து நின்றுவிட்டாள். "நான் காத்திருந்த குழந்தை வரலை. இது அவ குழந்தை," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

தனக்கு என்றால் மரிசெலா தாங்கியிருப்பாள். ஒரு மாதக் குழந்தைக்கு இது எதற்கு? மறுநாளே அலமோசா ஊரில் இருக்கும் அக்காவுக்கு போன் செய்து, வருகிறேன் என்றாள். எலாய் தடுத்தான், காலைப் பிடித்தான். அவள் கோபப்படவில்லை. குழந்தையின் துணிகளை மடித்து வைத்துக்கொண்டே இருந்தாள்.

கிளம்பிய காலையில் காற்று மண்ணை வாரி அடித்தது. வாதுமைப் பூவெல்லாம் முற்றத்தில் உதிர்ந்து கிடந்தது. எலாய் குழந்தையை, காரில் பொருத்தும் அதன் கூடை இருக்கையோடு தூக்கிக்கொண்டு காரருகே நின்றான். சமையலறை வாசலில் செலஸ்தினா வந்து நின்றாள்.

"போறவ ஒரு பதில் சொல்லிட்டுப் போ. நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணேன்? எழுப்பி உட்கார வச்சே, ஊட்டிவிட்டே... ஊரெல்லாம் பேரன் பேரன்னு சொல்ல விட்டே. அத்தனை மாசமும் உள்ளுக்குள்ள சிரிச்சிட்டிருந்தியா?"

"சிரிக்கலை அத்தை." அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது. கார் கதவைத் திறந்தாள்.

எலாய் கூடையை மெதுவாகத் தரையில் வைத்தான். குழந்தை மேல் மண் விழாமல் குனிந்து மறைத்தபடியே, தலையை நிமிர்த்தாமல் பேசினான்.

"அம்மா... அவ அன்னிக்கே சொல்லிடலாம்னா. நான்தான் வாயை அடைச்சேன். எனக்கு அக்டோபர்லயே தெரியும். ஆஸ்பத்திரில உன்கிட்டப் பொய் சொன்னேன்."

செலஸ்தினா படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மகனைத் திட்டவில்லை. அவன் அங்கே இல்லாதது போல அவனைத் தாண்டி மருமகளைப் பார்த்தாள்.

"நீ ஏன் சொல்லலை? அவன் பொய் சொன்னப்ப பக்கத்துலதானே கிடந்தே."

"உங்களுக்கு மிச்சம் இருக்கிறது அவன் ஒருத்தன்தானே அத்தை."

செலஸ்தினா தன் கைகளைப் பார்த்தபடி, தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள்.

"நான் ரெண்டு தடவை பறிகொடுத்தேன் மரிசெலா. முதல் தடவை ஊரே வந்து அழுதுச்சு. ரெண்டாவது தடவை யாரு வருவா... பொறக்கவே இல்லாதவனுக்கு யாரு அழுவா? இவ அழும்போதெல்லாம் கை பரபரக்குது. தூக்கிட்டா அவனை மறந்துடுவேனோன்னு பயம். அதான் கையைக் கட்டிக்கிட்டு நின்னேன்."

மரிசெலா கார் கதவை விட்டுவிட்டு வந்தாள். படியில் அவளருகே உட்கார்ந்தாள்.

"நானும் அழுதேன் அத்தை. என் வயித்துலயும் கொஞ்ச நாள் அவன்தான் இருந்தான். பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டிருந்தேன். பொண்ணுன்னு சொன்னப்ப எனக்கு சந்தோஷப்படவே தெரியலை... அதை யார்கிட்டப் போய்ச் சொல்ல? இவகிட்டத்தான் மன்னிப்புக் கேட்டுட்டிருக்கேன், தினமும்."

செலஸ்தினா அவள் தலையைத் தன் தோளில் இழுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். மாமியாரின் தோள் எலும்பு கன்னத்தில் குத்தியது. மறுபடியும் இளைத்துப்போயிருக்கிறாள் என்று மரிசெலா நினைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, இங்கேயே இருந்துவிடு என்று அம்மா மரிசெலாவிடம் சொல்வாள் என எலாய் எதிர்பார்த்தான். அவள் சொல்லவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு மருமகளைப் பார்த்தாள்.

"உனக்குப் போகணும்தானே?"

"ஆமா அத்தை. கொஞ்ச நாள்... முடியலை."

"கைக்குழந்தையை வச்சுக்கிட்டு அவ்வளவு தூரம் தனியா ஓட்டுவியா? பால் கேட்டா என்ன பண்ணுவே?" உள்ளே போனவள் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு வந்தாள். "நான் பின்னாடி இவகூட உட்கார்றேன். உங்க அக்கா வீட்டுல எனக்கு ஒரு கட்டில் இருக்கும்ல?"

"அம்மா, நான்?" என்றான் எலாய்.

"நீ இங்கயே இருடா. தனியா இருந்து பாரு."

அவன் பின்சீட்டில் கூடையைப் பொருத்திவிட்டு விலகி நின்றான். அவன் கண்களில் தெரிந்ததைப் பார்த்து மரிசெலாவுக்கு மனம் இளகாமல் இல்லை. ஆனால் ஆறுதல் சொல்ல அவளிடம் எதுவும் மிச்சமில்லை. வண்டியைக் கிளப்பினாள்.

பாதி வழியில் குழந்தை சிணுங்கியது. செலஸ்தினா கோட்டுப் பையிலிருந்து கையை எடுத்தாள், தயங்கினாள், பிறகு ஒற்றை விரலைக் குழந்தையின் உள்ளங்கையில் வைத்தாள். அது பிடித்துக்கொண்டது.

"பாலோமா," என்றாள் செலஸ்தினா. அதற்குமேல் சொல்ல முடியாமல் குலுங்கிக் குலுங்கி அழத் தொடங்கினாள். யாருக்காக அழுகிறாள் என்று கேட்க முடியாது, திரும்பி அணைத்துக்கொள்ளவும் முடியாது. மரிசெலா கண்ணாடியில் அவளைப் பார்த்துப் பார்த்து, தன் கண்ணையும் துடைத்துக்கொண்டு, வண்டியை ஓட்டிக்கொண்டே போனாள்.