கொடும்பாவிக்கு வியர்த்தது

வைக்கோலுக்கு வியர்க்குமா? தெருப்புழுதியில் கயிறு கட்டிக் கிடந்த கொடும்பாவியின் அக்குளில் சட்டை நனைந்திருந்தது. லோகநாயகி குனிந்து தொட்டாள். ஈரம்தான். வியர்வையும் விபூதியும் கலந்த நெடி அடித்தது, முப்பது வருஷமாக அவளுக்குப் பழகிய நெடி. வெயிலில் மூளை கலங்கிவிட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டு கையைப் புடவையில் துடைத்தாள்.

அது 2003. ஐப்பசி பாதி போயும் முடிச்சூரில் ஒரு பொட்டு மழை இல்லை. கார்காலம் வழி தெரியாமல் எங்கேயோ தொலைந்துவிட்டிருந்தது.

"வருண பகவான் கோச்சிகினாருக்கா. ஊர்ல பெரிய பாவி ஒருத்தன் கீறான். அவன் செத்தாதான் மழை. அதான் பொம்மை செஞ்சி, இழுத்து, அழுது, கொளுத்தறது," என்று பூக்காரி அம்மணி காலையிலேயே சொல்லியிருந்தாள்.

பாவி யாரென்று லோகநாயகிக்குத் தெரியாதா? ஜெயவேலு! ஏரிக்கரையில் ஆழ்துளைக் கிணறு போட்டு லாரி லாரியாகத் தண்ணீரை உறிஞ்சுகிறான் பாவி; காலனிக் கிணறெல்லாம் வறண்டு கிடக்கிறது. நேற்று லாரித் தண்ணீர்க் குடத்தோடு படியேறிய அவள் கணவர் ராஜகோபாலன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கண்ணாடி கீழே விழ, அதைக் கூடத் தேடத் தெரியாமல் முகத்தையே தடவிக்கொண்டிருந்தார். அந்த மனுஷனுக்கு ஒன்று ஆகிவிட்டால் அவளுக்கு வேறு யார்?

ஜெயவேலுவின் முறுக்கு மீசையைப் பொம்மையின் சாக்கு முகத்தில் கரியால் அவளேதான் வரைந்திருந்தாள். உடுத்த யாரும் துணி தராததால், கொடியில் கிடந்த கணவரின் கட்டம்போட்ட சட்டையை உருவி வந்து மாட்டியிருந்தாள்.

"உயிரோட கீற ஆளு துணிய போடாதக்கா."

"பழசுதானேடி! அந்தக் கட்டையில போறவன் போய்ச் சேரட்டும். நீ கயித்தை இழு!"

இப்போது பொண்டாட்டியாக உட்கார்ந்து அழ ஒருத்தி வேண்டும். மற்ற பெண்கள் தாலியைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார்கள். கோழைகள்! லோகநாயகி பொம்மையின் தலைமாட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"என்னை விட்டுட்டுப் போறியே, ராசா!"

முதலில் நடிப்பாகத்தான் இருந்தது. பிறகு நிஜமாகவே ஆத்திரம் வந்தது. வறண்ட குழாய்க்கும், தூக்கிய குடங்களுக்கும், ஜெயவேலுவின் நமட்டுச் சிரிப்புக்கும் சேர்த்து மாரில் அடித்துக்கொண்டாள். அடிக்க அடிக்க வெயில் மங்கியது, பள்ளிக்கரணைப் பக்கமிருந்து கறுப்பு ஏறியது, சொட்டு நீரில்லாத ஏரிக்குள் தவளைகள் கத்தத் தொடங்கின. நிறுத்தத்தான் நினைத்தாள். வாய் நிற்கவில்லை.

சட்டையின் இடது கையில் பித்தான் இல்லை. தைத்துத் தரச் சொல்லி அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் கையின் நுனியில் வைக்கோல் பிரிந்திருந்தது.

ஐந்தாக.

நகத்தோடு.

முதல் துளி விழுந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். லோகநாயகி அங்கே நிற்கவில்லை. ஓடினாள். வீடு. படி. கதவு.

"என்னங்க, மழைங்க! கேக்குதா?"

கூடத்தில் சாய்வு நாற்காலி. அவர் வேட்டி. அவர் கண்ணாடி. அப்பாடா, அவர் இருக்கிறார். கிட்டப் போனாள்.

கண்ணாடிக்குக் கீழே கரி மீசை.

சாக்கு முகம்.

வேட்டி ஓரத்தில் வைக்கோல்.

தெருவிலிருந்து அவர் குரல் வந்தது, குடம் தூக்கி மூச்சு வாங்குகிற அதே குரல். "லோகா... கயித்தை அவுக்கச் சொல்லுடி."

அவள் ஜன்னலுக்குப் பாய்ந்து கத்தினாள். மழை இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. அவள் பாடிய ஒப்பாரியையே எல்லோரும் உரக்கப் பாடிக்கொண்டிருந்தார்கள். கொட்டுகிற மழையிலும் அணையாத தீக்குள், பித்தான் இல்லாத கை ஒன்று கண்ணாடியைத் தேடி முகத்தைத் தடவிக்கொண்டிருந்தது.