காது கழற்றிய வீடு

மழை வரப்போகிற மதியம். மெக்கானிக் அந்த மாடி வீட்டுக் கதவைத் தட்டியபோது படிக்கட்டெல்லாம் ஈரச் சுண்ணாம்பு வாசம்.

வீடு வீடாகப் போய்ப் பெட்டி மாட்டுவதும் கழற்றுவதும் அவர் வேலை. எல்லா வீட்டுக் கூடத்திலும் அரசாங்கம் மாட்டியிருக்கும் அந்தச் சின்னப் பெட்டியை ஜனங்கள் ‘காது’ என்பார்கள். வீட்டில் பேசுவதெல்லாம் அது வழியாக அலுவலகத்துக்குப் போய்விடும். ஒற்றை ஆள் இருக்கும் வீட்டில் பேச்சே இருக்காது என்பது மேலிடத்தின் கணக்கு. அங்கே கழற்றி, ஆள் நிறைந்த வீட்டில் மாட்டச் சொல்வார்கள்.

கழற்ற வந்திருக்கிறேன் என்றால் மற்றவர்கள் கும்பிடாத குறையாக உள்ளே கூப்பிடுவார்கள். இந்த வீட்டு அம்மாள் கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

“இருந்துட்டுப் போகட்டுமே தம்பி.”

உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, பிறகுதான் மெல்லச் சொன்னாள். ஒரே மகள். வாய்த்துடுக்குக்காரி. ரேடியோவில் தலைவர் பேசினால் போதும், அவரைப் போலவே தொண்டையைச் செருமிக்கொண்டு பேசிக் காட்டுவாள். ஒருநாள் காலையில், தலை குளித்துவிட்டு வேலைக்குக் கிளம்பியவளை வந்து கூட்டிப்போனார்கள். அப்புறம் அவள் செருப்பு மட்டும் ஒரு உறைக்குள் திரும்பி வந்தது.

“அவ பேசினதைவிட நான் சிரிச்சதுதான் பலமா கேட்டிருக்கும்,” என்றாள் அம்மாள். “நான் சிரிக்காம இருந்திருந்தா அவ அன்னிக்கு நிறுத்தியிருப்பா.”

மெக்கானிக் நிமிர்ந்து சுவரிலிருந்த பெட்டியைப் பார்த்தார். தம்ளரைக் கீழே வைத்தார்.

“இப்ப அதுக்குள்ள இருந்து பேசுறா தம்பி.”

“அம்மா, இதுக்குக் கேக்கத்தான் தெரியும். பேச வராது.”

“தெரியும்.”

கழற்றாமல் போனால் வேலை போய்விடும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அம்மாள் முக்காலியை எடுத்து வந்து சுவரோரம் வைத்தாள்.

வெளியே மேகம் கவிந்து கூடம் இருட்டியது. முக்காலியில் ஏறி ஒயரைத் துண்டித்தார். பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்தது. மூடியைத் திறந்தார். வழக்கமாகத் தூசியும் ஒட்டடையும்தான் இருக்கும்.

ஈரக் கூந்தல் வாசம் வந்தது.

பெட்டி கையில் வெதுவெதுப்பாக இருந்தது.

காற்றே இல்லாத கூடத்தில் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

பிறகு, அவர் முகத்துக்கு வெகு அருகில், தொண்டையைச் செருமும் சத்தம்.

திரும்பிப் பார்த்தார். அம்மாள் இரண்டு கைகளாலும் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டிருந்தாள். கண்களிலிருந்து நீர் வழிந்தபடி இருந்தது.

எப்படிப் படி இறங்கினார், எப்படி மழையில் நனைந்து அலுவலகம் சேர்ந்தார் என்பது அவருக்கே நினைவில்லை. உள்ளே, அந்தத் தெரு வீடுகளில் பேசுவதைக் கேட்பதற்கென்று இருக்கும் பெண் ஹெட்போனை ஒரு பக்கம் விலக்கினாள்.

“அண்ணே, மாடி வீட்டுக்குப் போகலையா? ரெண்டு பேர் பேசுறாங்களே.”

அவர் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். அறுந்த ஒயர் தொங்கியது. அவள் அதன் நுனியைத் தொட்டுப் பார்த்தாள். தனி ஆள் வீட்டில் இரண்டாவது குரல் கேட்டால் மேலே சொல்லியாக வேண்டும். சொன்னால் அந்தப் படிக்கட்டில் மறுபடியும் ஆட்கள் ஏறுவார்கள்.

அவளிடமிருந்து ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்தார்.

“வந்தவர் போயிட்டாரா அம்மா?” இளம் குரல்.

“போயிட்டார்டி.”

“இனிமே யாரும் கேக்க மாட்டாங்கல்ல?”

மழைச் சத்தம் மட்டும்.

அவர் ஹெட்போனைக் கழற்றி நீட்டினார். அந்தப் பெண் அதை வாங்கிக் காதில் வைத்துக்கொள்ளவில்லை.

“பேச்சே இல்லைன்னு சொல்லிடறேன்,” என்றாள் மிக மெதுவாக.

பலகையில் அந்த வீட்டுக்குரிய பிளக்கைப் பிடித்து உருவினாள். சத்தத்தைக் காட்டும் முள் கீழே விழுந்தது.

இருவரும் மூச்சு விட்டார்கள்.

முள் மறுபடி எழுந்தது. கொஞ்சம் ஆடி, நின்று, பிறகு வேறு விதமாக ஆடியது. ஒருத்தி பேச, ஒருத்தி பதில் சொல்வதுபோல.