சூரியகாந்தி மாவு

செத்தவர் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில், சுவரோரமாகச் சுருண்டு கிடந்தார். முகம் உப்பி, உதடு தடித்து, கண் இரண்டும் இடுக்காகியிருந்தன. மூச்சுக்குத் திண்டாடி அவரே பிய்த்த சட்டைப் பொத்தான்கள் தரையில் உருண்டிருந்தன. மேசைமேல் ஒரு தட்டு. தட்டில் கடித்து வைத்த கேக்.

காலை எட்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். ஸ்டேஷனில் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'சந்தேகம்'. அது அவருக்கும் தெரியும். அதை யார் வைத்தது என்பதில்தான் அவருக்கு இன்னும் சந்தேகம்.

அவருக்கு முன்பே டாக்டர் வந்து பார்த்துவிட்டார். "பாதாம் ஒத்துக்காத உடம்பு சார். சின்ன வயசிலிருந்தே. ஒரு துணுக்கு உள்ள போனாலும் தொண்டை அடைச்சுக்கும். இந்த கேக் முழுக்க பாதாம் மாவு. வாசனையே சொல்லுது. எதுக்கும் சோதனைக்கு அனுப்பிடுங்க."

"கேக் எங்க வாங்கினது?"

"வாங்கல சார். வீட்டுல செஞ்சது. அவர் சம்சாரம்தான் கேக்காரம்மா."

கேக்காரம்மாவை அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கென்றே இனிப்பு செய்து விற்கிறவள். சர்க்கரை கிடையாது, மைதா கிடையாது. காலிஃப்ளவரை அவித்து மசித்துப் புட்டிங் செய்வாள். கறுப்பு பீன்ஸை அரைத்துச் சாக்லேட் கேக் செய்வாள். பூசணியில் பிஸ்கட் செய்வாள். இன்ஸ்பெக்டருக்கும் சர்க்கரை உண்டு. ஒருமுறை யாரோ வாங்கித் தந்த துண்டைத் தின்று பார்த்திருக்கிறார். அந்த மாற்றுச் சர்க்கரை நாக்கில் சில்லென்று குளிர்ந்தது. இனிப்பு ஏன் குளிர வேண்டும் என்று அன்றைக்கே அவருக்கு அதன்மேல் நம்பிக்கை போய்விட்டது.

கேக்காரம்மா சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். இன்ஸ்பெக்டர் அழுகையைக் கணக்கில் எடுப்பதில்லை. அழுகையை நம்பி வழக்கு எழுதியிருந்தால் ஜெயில் பாதி காலியாக இருந்திருக்கும்.

"என்னம்மா நடந்துச்சு?"

"என் கையாலதான் சார். நான்தான் கொன்னுட்டேன்."

கூட வந்த பெண் கான்ஸ்டபிள் சட்டென்று நிமிர்ந்தாள். இன்ஸ்பெக்டர் அசையவில்லை.

"விவரமா சொல்லு."

"அவருக்கும் சர்க்கரை. பாதாமும் ஆகாது. அதனால அவருக்கு மட்டும் சூரியகாந்தி விதையை அரைச்ச மாவுல செய்வேன். கஸ்டமருக்குத்தான் பாதாம். ரெண்டும் ஒரே மாதிரி டப்பா. நேத்து சாயங்காலம் டப்பாவைக் கழுவினப்ப ஒட்டியிருந்த சீட்டு ரெண்டும் உரிஞ்சு போச்சு. அவசரத்துல இதுக்கு அதை எடுத்துட்டேன்."

"உடனே போடற ஊசி ஒண்ணு இருக்குமே? டாக்டர் கொடுத்திருப்பாரே?"

"எப்பவும் அந்த இழுப்பறையிலதான் இருக்கும். தேடினேன் சார். கிடைக்கல. கை காலு ஓடல. எங்க வெச்சேன்னே ஞாபகம் வரல."

இன்ஸ்பெக்டர் எழுந்து சமையலறையைச் சுற்றி வந்தார். பார்ப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போவது அவர் பழக்கம். கான்ஸ்டபிள் குறித்துக்கொள்வாள்.

"ரெண்டு டப்பா, சீட்டு இல்ல. ஒண்ணுல மாவு வெளுப்பு. இன்னொண்ணுல கொஞ்சம் சாம்பல் நிறம். குப்பைக்கூடையில முட்டை ஓடு, வெண்ணெய் சுத்தின காகிதம், காலி சோடா உப்புப் பாக்கெட். வேற ஒண்ணும் இல்ல. கொக்கியில எலுமிச்சம்பழம் ஒரு வலைப்பை, வாயில தகரக் கவ்வி போட்டபடி. ஜன்னல்ல திரை. அடுப்பு சுத்தம்."

"குப்பைக்கூடையை எப்பம்மா கொட்டின?"

"முந்தாநாள் காலையில."

"பழம் எப்ப வாங்கினது?"

"அன்னிக்குத்தான். பழசு எல்லாம் தீர்ந்துபோச்சு." அவள் நிமிரவில்லை. "என்னை எப்ப கூட்டிட்டுப் போவீங்க?"

"அவசரப்படாத."

முன்னறையில் செத்தவரின் அக்கா உட்கார்ந்திருந்தாள். கேக்காரம்மாவுக்கு நாத்தனார். தம்பி வீட்டோடு இருக்கிறவள். துக்கம் அவள் வாயைக் கொஞ்சமும் கட்டவில்லை.

"நீங்க பார்த்தீங்களாம்மா?"

"காலையில அவனுக்கு எதிர்லதானே உட்கார்ந்திருந்தேன். ஒரு துண்டு தின்னான். 'இன்னிக்குத்தான்டி கேக் கேக் மாதிரி இருக்கு'ன்னு சொன்னான். இன்னொரு துண்டு கேட்டு வாங்கினான். என் தம்பி அவ செஞ்சதைப் பாராட்டி நான் கேட்டதே இல்ல சார். முதல் தடவை பாராட்டினான், போய்ச் சேர்ந்துட்டான்."

"எப்பவும் நல்லா இருக்காதா?"

"அதை ஏன் கேக்கறீங்க! பூவுல கேக், பீன்ஸ்ல கேக். இனி பழைய செருப்புல ஒண்ணுதான் பாக்கி. அந்தச் சூரியகாந்தி கேக்கை முதல்ல செஞ்சப்ப நீங்க பார்த்திருக்கணும். சாயங்காலம் நல்லாத்தான் இருந்துச்சு. காலையில வெட்டினா உள்ள எல்லாம் பாசி பிடிச்ச மாதிரி பச்சை! என் தம்பி தட்டோட தூக்கி எறிஞ்சான்."

"பச்சையா? கெட்டுப் போயிருச்சா?"

"கெட்டெல்லாம் போகல. அந்த விதைக்கும் சோடா உப்புக்கும் ஆகாதாம். சேர்ந்தா பச்சை ஏறுமாம். அப்புறம் எலுமிச்சம்பழம் பிழிய ஆரம்பிச்சா. பச்சை போச்சு, புளிப்பு வந்துச்சு. அதுக்கும் ஏசுவான். ஆனா தின்னுடுவான்."

சுவரில் ஒரு சிறுமியின் படம் மாட்டியிருந்தது. முன்பல் இல்லாத சிரிப்பு.

"யாரு?"

நாத்தனார் குரல் இறங்கியது. "தம்பி பொண்ணு. பொறந்து கொஞ்ச நாள்லயே சர்க்கரை, தினமும் ஊசி. அதுக்காகத்தான் இவ இந்தக் கேக் வேலையே கத்துக்கிட்டா. பிள்ளை பிறந்தநாளைக்குக் கேக் வெட்டணும்னு அழுமே. தம்பி ஒருதடவை வெளியூருக்குக் கூட்டிட்டுப் போனான். ஊசிப் பையை வீட்டுலயே மறந்துட்டான். திரும்பி வர்றதுக்குள்ள..."

"கேஸ் ஆச்சா?"

"உங்க ஸ்டேஷன்லதான். கவனக்குறைவுன்னு எழுதி முடிச்சாங்க. பெத்தவன் வேணும்னா செய்வான்?"

இன்ஸ்பெக்டர் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்போது அவர் வேறு ஊரில் இருந்தார். இருந்திருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்.

வாசலில் கான்ஸ்டபிள் மெதுவாகக் கேட்டாள். "ஐயா, இதுல என்ன இருக்கு? டப்பா மாறிப்போச்சு. அந்தம்மாவே ஒத்துக்குது. பாவமா இருக்கு."

"ஒத்துக்கறதுலதான்யா எனக்குச் சந்தேகம். கேக்கறதுக்கு முன்னாடியே பதில் ரெடியா இருக்கு. சீட்டு உரிஞ்சதும் ரெடி, அவசரமும் ரெடி." ஆண், பெண் பார்க்காமல் எல்லாரையும் அவர் 'யா' போட்டுத்தான் பேசுவார்.

பகல் பன்னிரண்டு மணிக்கு உடலை எடுத்துப் போனார்கள். சோதனைக்கூடத்திலிருந்து போன் வந்தது. கேக்கில் பாதாம் மாவு, முட்டை, வெண்ணெய், சோடா உப்பு, மாற்றுச் சர்க்கரை. விஷம் எதுவும் இல்லை.

"புளிப்பு?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"அப்படி எதுவும் இல்ல சார். ஏன்?"

அவர் போனை வைத்துவிட்டார். காரணம் சொல்வது அவருக்குப் பிடிக்காது.

இரண்டு மணிக்குக் கேக்காரம்மாவைக் கூப்பிட்டுச் சமையலறையில் நிறுத்தினார். நாத்தனாரும் கான்ஸ்டபிளும் கதவோரம் நின்றார்கள்.

"நேத்து எப்படிச் செஞ்சியோ அப்படியே செஞ்சு காட்டும்மா. எந்த இடத்துல கை தவறிச்சுன்னு நான் பாக்கணும். சூரியகாந்தி மாவுன்னு நினைச்சுத்தானே செஞ்ச? அந்த மாவையே எடு."

"இப்பவா சார்?"

"இப்பத்தான்."

அவள் சாம்பல் நிற மாவு டப்பாவை எடுத்தாள். முட்டையை ஒரே தட்டில் உடைத்தாள். வேலை தெரிந்த கை அது. துக்கம், போலீஸ், எதுவும் அதற்குக் கணக்கில்லை. மாற்றுச் சர்க்கரையைக் கொட்டினாள், அடித்தாள். உருக்கிய வெண்ணெயை ஊற்றினாள். மாவைச் சலித்துப் போட்டாள். ஒரு சிட்டிகை சோடா உப்பு. பார்வை கிண்ணத்தில் இருக்க, இடது கை தானாக மேலே போய்க் கொக்கியிலிருந்த வலைப்பையை எடுத்தது. வலது கை இழுப்பறையிலிருந்து கத்திரிக்கோலை எடுத்தது. தகரக் கவ்விக்குக் கீழே வலையைக் கத்திரித்தாள். ஒரு பழம் உருண்டு மேடையில் விழுந்தது.

கத்திரிக்கோல் அந்தரத்திலேயே நின்றது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. இன்ஸ்பெக்டருக்கு அதற்கு முன்பே புரிந்திருந்தது.

"நேத்து இந்தப் பையைப் பிரிக்கலியேம்மா," என்றார் அவர். குரலில் அதட்டல் இல்லை. "கூடையிலயும் பழத்தோல் இல்ல. கேக்குலயும் புளிப்பு இல்ல. உன் வீட்டுக்காரர் அதனாலதான் பாராட்டினார்."

"மறந்திருப்பேன் சார்."

"சூரியகாந்தி மாவுன்னு நினைச்சுப் பாதாமை எடுத்திருந்தா, கை பழகின மாதிரி பழத்தையும் பிழிஞ்சிருக்கும். மாவு மாறியிருந்தாலும் புளிப்பு இருந்திருக்கணும். இத்தனை பேர் நிக்கறப்ப, புருஷன் செத்த அன்னிக்கே மறக்காத கை, நேத்து மட்டும் மறக்குமா? மாவு மறந்துச்சு, பழம் மறந்துச்சு, ஊசி வெச்ச இடமும் மறந்துச்சு. எல்லாம் ஒரே சமயத்துலயா? அது பாதாம் மாவுன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சதாலதான் பிழியல. சும்மாவாவது ரெண்டு சொட்டு விட்டிருந்தா நான் நம்பிட்டுப் போயிருப்பேனே. ஏம்மா விடல?"

கேக்காரம்மா கத்திரிக்கோலை மெதுவாக மேடையில் வைத்தாள். கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"பாதாம் மாவுல எலுமிச்சை விட்டா கேக் கெட்டுப்போயிடும் சார்."

கான்ஸ்டபிள் வாயைப் பொத்திக்கொண்டாள். நாத்தனார்தான் பாய்ந்து வந்தாள்.

"அடிப்பாவி! என் தம்பி உனக்கு என்னடி செஞ்சான்?"

"அண்ணி, போன மாசம் சண்டையில உங்க தம்பி வாயிலிருந்தே வந்துச்சு. ஊசிப் பையை அவர் மறக்கல. நான் கட்டி வெச்ச பெட்டியிலிருந்து அவரே எடுத்து அலமாரியில வெச்சிருக்கார். நாலு நாள் ஊசி போடாம விட்டா உடம்பு தானா பழகிக்கும்னு யாரோ சொன்னாங்களாம். 'எல்லாம் நல்லதுக்குத்தானே செஞ்சேன்'னு சொன்னார். என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். சொல்லிட்டு, கேக் எங்கன்னு கேட்டார்."

நாத்தனாரின் பார்வை தரைக்குப் போனது. அந்த 'யாரோ' யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

கேக்காரம்மா இப்போது அவரைத்தான் பார்த்தாள். "அவர் மறந்துட்டேன்னு சொன்னார். ஊரு விட்டுச்சு. உங்க ஸ்டேஷனும் விட்டுச்சு. நானும் அதையேதான் சொன்னேன். எனக்கு மட்டும் ஏன் சார் தோண்டித் தோண்டிப் பாத்தீங்க?"



"ஊசி எங்கம்மா?" என்று மட்டும் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"படுக்கையறைக் கதவுக்குப் பின்னால பாப்பாவோட பை தொங்குது."

அது சின்னப் பை. வாத்துப் படம் போட்டது. மருந்து சூடாகாமல் இருக்க உள்ளே வெள்ளித் தாள் தைத்திருந்தது. அதில் பெரியவருக்கான அவசர ஊசி, உறை பிரிக்காமல், நிமிர்த்தி வைத்திருந்தது. இன்ஸ்பெக்டர் ஜிப்பை மூடினார். அது பாதியில் சிக்கியது. வெகுநாள் புழங்காத ஜிப்.

ஜீப்பில் ஏறும்போது கேக்காரம்மா ஒருமுறை திரும்பினாள். "அந்த மாவைக் கொட்டிடச் சொல்லுங்க சார். பழம் விடல. விடிஞ்சா பச்சையாயிடும்."

ஸ்டேஷனில் இறங்கின பிறகு கான்ஸ்டபிள் கேட்டாள். "ஐயா, கவனக்குறைவுன்னு எழுதியிருந்தா முடிஞ்சிருக்கும்ல?"

"முடிஞ்சிருக்கும்," என்றார் சந்தேகம். "அப்படி எழுதிப் பழகின கைதானேயா நம்மது."