மேல் கட்டில்

மேல் கட்டில் முனகியது. விடியவிடிய வாட்ச்மேன் டூட்டி பார்த்துவிட்டு அப்போதுதான் தலைசாய்த்திருந்த முனியசாமி கண்ணைத் திறந்தான். அஜ்மானில் அந்த அறையை எட்டுப் பேர் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். மற்ற ஏழு பேரும் இருட்டோடு துபாய்க்கு வேன் ஏறிவிடுவார்கள். இவன் திரும்பும்போது அவர்களுடைய சோப்பு வாசனையும், காயாத லுங்கிகளின் ஈர நாற்றமும், ஓயாத ஏசி இரைச்சலும்தான் மிச்சமிருக்கும். வெயிலுக்காக ஜன்னலில் அட்டை ஒட்டியிருந்ததால் பகலும் இருட்டுதான்.

தலைக்கு மேலே பலகை தொய்ந்தது, ஆள் புரண்டு படுத்ததுபோல். அது விமலின் இடம்.

"என்னடா விமலு, டூட்டிக்குப் போகலயா? மேலுக்கு முடியலயா?"

சீரான மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தான். ஆனாலும் அறையில் இன்னொரு ஆள் இருப்பதே ஆறுதலாக இருந்தது. மல்லாந்தபடியே பேச ஆரம்பித்தான். மகள் போனில் 'அப்பா' என்று கூப்பிடக் கூச்சப்படுவதை, லீவு கேட்டால் முதலாளி முகம் கொடுக்காததை, சில நாள் எழுந்திருக்கவே பிடிக்காமல் கிடப்பதை. பெண்டாட்டியிடம்கூட இதையெல்லாம் சொன்னதில்லை.

"பைத்தியம் பிடிச்சிரும் போலருக்குடா."

மேலே மூச்சு நின்றது. காது கொடுத்துக் கேட்பதுபோல்.

தலையணைக்கடியில் போன் அடித்தது.

"அண்ணே, விமல் பேசுறேன். ஃப்ரிட்ஜ்ல கோழி இருக்கு, எடுத்து வெளிய வச்சிருங்க. ஐஸ் எளகணும்ல, இன்னைக்கு என் சமையல்."

முனியசாமி மேல் பலகையைப் பார்த்தான். "நீ... எங்கடா இருக்க?"

"சைட்லதாண்ணே. ஏன்?"

கரண்ட் போனது. ஏசி அடங்கியது. அந்த அமைதியில் மூச்சு மறுபடி தொடங்கியது.

துள்ளி எழுந்து கதவுக்கு ஓடினான். தாழ்ப்பாளில் கை வைத்தான். திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. போன் வெளிச்சத்தை உயர்த்தினான்.

மேல் கட்டிலில் யாருமில்லை. சுருக்கம் விழாத விரிப்பு. மடித்து வைத்த போர்வை.

மூச்சு கேட்டது.

கீழிருந்து.

வெளிச்சத்தை மெல்ல இறக்கினான். அவன் உதறிவிட்டு வந்த போர்வைக்குள், தலைவரை மூடிக்கொண்டு, முதுகு காட்டி ஓர் உருவம்.

அது அசைந்தது. சுவரோரமாக நகர்ந்து ஒடுங்கிப் படுத்தது.

அவனுக்கு இடம் விட்டு.