வெள்ளிக்கிழமைக் கோடு

2006 ஜூன் 16, வெள்ளிக்கிழமை. பிற்பகல் 3.10.

சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டத்தில் நின்ற வேனின் கதவைத் திறந்த அம்மாவாசி, கேஸ் வாடை முகத்தில் அடித்ததும் பின்னால் சாய்ந்தான். துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தான். இடது பக்க ஜன்னலுக்கு அடியில், தரையில் சரிந்து கிடந்தார் அவனுடைய முதலாளி ஹனீபா ராவுத்தர். ஜும்மா தொழப் போவதாகச் சொல்லிவிட்டு நடந்து போன மனிதர். அவர் உடம்பில் உயிர் இல்லை.

அம்மாவாசி இருபத்திரண்டு வருஷமாக அவர் வீட்டுச் சமையற்காரன். கட்டிலும் அடுப்பும் வைத்து இந்த வேனைக் கட்டிய பிறகு டிரைவரும் அவனே. ஐந்து மணிக்கு அவன் போலீஸ் ஸ்டேஷன் தரையில் உட்கார்ந்திருந்தான். வேனில் அடுப்பின் திருகு திறந்திருந்தது. அடுப்பைத் தொடுகிறவன் அவன் ஒருவன்தான். இன்ஸ்பெக்டர் கருத்தக்கண்ணனுக்கு அதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை. ஒரே ஒரு காகிதம்தான் பாக்கி. 'உபயோகிப்பவரின் கவனக்குறைவால் ஏற்பட்ட கசிவு' என்று கேஸ் ஏஜென்சி மெக்கானிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டிய காகிதம். அது வந்துவிட்டால் அம்மாவாசி ஜெயிலுக்குப் போய்விடுவான்.

அந்த மெக்கானிக்கின் பெயர் ஞானசெல்வி.

சனிக்கிழமை, காலை 11.20.

ஞானசெல்வியைத் தோட்டத்துக்கு அழைத்துப்போக, உத்தமபாளையத்தில் கேஸ் ஏஜென்சி வாசலுக்கு ஆம்னி வேனைக் கொண்டுவந்து நிறுத்தினான் ராவுத்தரின் மருமகன் இத்ரீஸ். ஒரே மகள் நிலோபரைக் கட்டியவன். ஆம்னியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிப் பிழைப்பு நடத்துகிறவன். கண் இரண்டும் சிவந்திருந்தன. பிரேதப் பரிசோதனை முடிந்து காலையில்தான் அடக்கம் ஆகியிருந்தது.

ஞானசெல்விக்கு நாற்பத்தெட்டு வயது. பதினெட்டு வருஷமாக வீடு வீடாகப் போய் டியூப்பையும் ரெகுலேட்டரையும் சோதிக்கிறவள். மனுஷர்களைப் பற்றி அவளுக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் கிடையாது. இத்தனை பேர் அடுப்படிக்குள் புகுந்து பார்த்தவளுக்கு எப்படி இருக்கும்? ஆனாலும் ராவுத்தரை அவளுக்குப் பிடிக்கும். சொன்னதைக் கேட்டு அப்படியே செய்த ஒரே வாடிக்கையாளர் அவர்தான்.

பை நிறைய ஸ்பேனரோடு முன் சீட்டில் ஏறினாள். பின் சீட்டின் மேல் ஒரு ஜமுக்காளம் தரை வரை தொங்கியது.

"நேத்து ஜும்மாவுக்கு நம்ம பள்ளிவாசல்ல முன் வரிசையில இருந்தாகக்கா மாமா. எனக்கு நாலு வரிசைக்கு முன்னாடி," என்றான் இத்ரீஸ். "தொழுதுட்டு, திராட்சைப் பெட்டி ஏத்த மூணு மணிக்குத் தோட்டத்துக்குப் போறேன், அம்மாவாசி கத்துறான். ஓடிப் போய் நான்தான் வெளியே தூக்கிப் போட்டேன்."

"உள்ள மொதல்ல போனது நீங்களா?"

"ஆமாக்கா. அவன் கையக் கால உதறிக்கிட்டு வெளியே நின்னான்."

ஞானசெல்வியின் கண் டேஷ்போர்டுக்குப் போனது. பெட்ரோல் முள் சிவப்புக் கோட்டுக்கும் கீழே கிடந்தது.

"பங்க்ல நிறுத்தணுமா தம்பி?"

"வேணாங்க்கா, போயிறலாம். நேத்துலேர்ந்து தேனிக்கு மட்டும் ரெண்டு நடை. எங்கயும் ஒதுங்க நேரமில்ல."

பங்க்கைத் தாண்டிக் கம்பத்துக்கு ஓட்டினான்.

பகல் 12.05.

கம்பத்தில் ராவுத்தர் வீட்டு உள்ளறையில் வெள்ளைச் சேலையோடு உட்கார்ந்திருந்தாள் அவர் மனைவி சல்மா. ஞானசெல்வியைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"டைபாய்டு வந்ததுலேர்ந்து அவுகளுக்கு வாடையே தெரியாது, ஞானம். சோறு கருகினாலும் நான்தான் சொல்லணும். நீயும் எவ்வளவோ சொல்லிக் குடுத்த. அப்படியிருந்தும் இப்படி ஆயிப் போச்சே!"

சொல்லிக் கொடுத்தது உண்மைதான். வேன் கட்டும்போதே ராவுத்தர் அவளிடம் வந்து கேட்டார். கேஸ் காற்றைவிடக் கனம், தரையில்தான் தங்கும் என்று சொல்லி, வேனின் இடது பக்கம் வெளியே ஒட்டிய சிலிண்டர் பெட்டியின் அடியில் ஓட்டை போடச் சொன்னாள். கசிந்தாலும் கேஸ் ரோட்டில் இறங்கிவிடும். நாகூர், ஏர்வாடி என்று குடும்பத்தோடு கிளம்பினால் வெளியூரில் கேஸ் புத்தகம் இல்லாமல் எவனும் சிலிண்டர் தர மாட்டான்; எவ்வளவு மிச்சம் என்று தெரிந்தால்தான் பத்து நாளைக்கு உலை வைக்க முடியும். அதற்கும் வழி சொன்னாள். சிலிண்டர் மேல் வெந்நீர் ஊற்றிவிட்டு மேலிருந்து கீழே தடவ வேண்டும். சூடு போய்க் கை சில்லிடுகிற இடம்தான் கேஸின் மட்டம். அங்கே சாக்பீஸால் கோடு போட்டு, பக்கத்தில் கிழமையை எழுத வேண்டும்.

"கடைசியா எப்பக்கா வேன்ல சமைச்சாக?"

"ஞாயித்துக்கிழமை. ஏர்வாடியிலேர்ந்து வர்ற வழியில ராமநாதபுரத்துல, கூடக் கொண்டு போன புது சிலிண்டர மாட்டி ஒரு வேளை சமைச்சோம். வந்ததுலேர்ந்து வேன் தோட்டத்துல சும்மாதான் நிக்குது."

"அவரு ஏதாவது சொன்னாரா?"

"ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல. வியாழக்கிழமை என்னன்னு கேட்டேன். 'இருபத்திரண்டு வருசம், சல்மா'ன்னாக. வேற ஒண்ணும் சொல்லல." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நேத்து நம்ம பள்ளிவாசல்லேர்ந்து தொழ வைக்கிற ஹஜ்ரத்து ஆள் விட்டுக் கேட்டாக, ராவுத்தர் ஜும்மாவுக்கு வரலையே, ஒடம்புக்கு என்னன்னு. தோட்டத்துப் பக்கம் எங்கனயாவது தொழுதிருப்பாகன்னு நெனச்சுக்கிட்டேன்."

ஞானசெல்வி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

பகல் 12.50.

தோட்டத்தில் ஆனி மாதக் காற்று திராட்சைப் பந்தலைப் பிய்த்து எடுத்துக்கொண்டிருந்தது. கருத்தக்கண்ணன் வேன் நிழலில் நின்று இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"காகிதம் ரெடியா இருக்கும்மா. கையெழுத்துப் போட்டா வேலை முடிஞ்சது."

"பாத்துட்டுப் போடுறேன் சார்."

முதலில் உள்ளே ஏறினாள். எல்லா ஜன்னல் திரையும் இழுத்து மூடியிருந்தது. இடது பக்க ஜன்னலில் மட்டும் திரையின் ஓரத்தை மடித்துத் தாழ்ப்பாளில் செருகியிருந்தது. ஒரு கண் வைத்துப் பார்க்கிற அளவு இடைவெளி. அதற்கு நேர் கீழேதான் ராவுத்தர் கிடந்ததாக போலீஸ் சுண்ணாம்பில் குறித்திருந்தது. அவள் குனிந்து அந்த இடைவெளியில் பார்த்தாள். வெளியே சிலிண்டர் பெட்டியின் கதவு தெரிந்தது.

பிறகு இறங்கிப் போய் அந்தக் கதவைத் திறந்தாள். அதற்குப் பூட்டு கிடையாது, கொக்கி மட்டும்தான். ஆபத்து என்றால் யாராலும் திறக்க முடிய வேண்டும் என்பது ராவுத்தர் போட்ட சட்டம். சிலிண்டரை நகர்த்தினாள். அடியில் கிடந்த ரப்பர் விரிப்பில் சிலிண்டரின் அடிவளையம் பதிந்த பெரிய வட்டம் இருந்தது. அதற்குள்ளேயே இன்னொரு வட்டம், அதில் பாதி அகலம்தான் இருக்கும். மூலையில் இருந்த ஓட்டையில் ஈரச் சாக்கு திணித்திருந்தது.

"எலி வரும்னு அடைச்சிருப்பான்," என்றார் இன்ஸ்பெக்டர்.

சிலிண்டரின் மேல் மூன்று சாக்பீஸ் கோடுகள். ஞாயிறு, புதன், வெள்ளி.

"அது ஒங்க ஏஜென்சி குறிதான?"

"இல்ல சார். கொஞ்சம் வெந்நீர் வேணும்."

மோட்டார் ரூமிலிருந்து கான்ஸ்டபிள் ஒரு சொம்பு வெந்நீர் கொண்டுவந்தார். அவள் ஊற்றினாள், தடவினாள். வெள்ளிக்கிழமைக் கோட்டைத் தாண்டிக் கை இறங்கிக்கொண்டே போனது. ஒரு சாண் கீழேதான் சில்லிட்டது. போலீஸ் கழற்றி வைத்திருந்த ரெகுலேட்டரை மாட்டி, உள்ளே ஏறி அடுப்பின் திருகைத் திறந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு மூடினாள்.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

"ஏம்மா?"

"நேத்துக் காலையில ராவுத்தர் போட்ட கோடு இது. அதுக்கப்புறம் ஒரு சாண் கேஸ் போயிருக்கு. அந்தத் திருகு காலையிலேர்ந்து மூணு மணி வரைக்கும் திறந்து கெடந்தாலும் ரெண்டு மூணு விரக்கடைதான் எறங்கும். கேஸ் வேற வழியில போயிருக்கு. நேத்து மட்டுமில்ல. ஞாயித்துக்கும் புதனுக்கும் நடுவுல மூணு விரல், புதனுக்கும் வெள்ளிக்கும் நடுவுல மூணு விரல். வேன்ல ஒரு டீ கூடப் போடல. பின்ன எப்படிக் கொறையும்?"

இன்ஸ்பெக்டர் இளநீரைக் கீழே வைத்தார்.

"திருட்டு?"

"இந்தச் சின்ன வட்டத்தப் பாருங்க. சிலிண்டரோட தலைவளையம். தலைகீழா நிறுத்தி டியூப் போட்டாத்தான் கேஸ் தண்ணியா எறங்கி இன்னொரு சிலிண்டருக்குப் போகும். வெளியே வச்சுச் செஞ்சா தோட்டத்தாளுக பாத்துருவாக. அதனால பெட்டிக்குள்ளயே கவுத்தி, தன் வண்டிய ஒட்டி நிறுத்தி, கதவையும் சாத்திக்கிட்டான். அடியில ஓட்டை வழியா வாடை போனா காத்து பந்தல் வரைக்கும் கொண்டு போயிரும்னு சாக்க வச்சு அடைச்சான். நேத்து டியூப் சரியா ஒக்காரல. கசிஞ்ச கேஸுக்குக் கீழ வழியில்ல. அடுப்பு டியூப் போற ஓட்டை வழியா வேனுக்குள்ள எறங்கிருச்சு. ராவுத்தருக்குத்தான் வாடை தெரியாதே."

"யாரு?"

ஞானசெல்வி திரும்பி இத்ரீஸைப் பார்த்தாள். அவன் ஆம்னியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"தம்பி, ஒங்க பெட்ரோல் முள்ளு அடியில கெடக்கு. தேனிக்கு ரெண்டு நடை, இப்ப பாளையத்துலேர்ந்து இங்கன வரைக்கும். ஆம்னி எதுல ஓடுது?"

கான்ஸ்டபிள் பின் சீட்டு ஜமுக்காளத்தைத் தூக்கினார். சீட்டுக்கு அடியில் சிவப்பாக ஒரு வீட்டு சிலிண்டர் படுத்திருந்தது; அதிலிருந்து ஒரு டியூப் என்ஜினுக்குப் போனது.

"ஜும்மாவுல முன் வரிசையில மாமாவப் பாத்தேன்னீக. அதே பள்ளிவாசல்லேர்ந்துதான், அவரு ஏன் வரலைன்னு ஆள் வந்து கேட்டிருக்கு. ராவுத்தரும் போகல, நீங்களும் போகல. நீங்க இங்கனதான் இருந்தீக."

"மாமா உள்ள இருக்காகன்னு தெரியாதுக்கா!" இத்ரீஸ் அப்படியே மண்ணில் உட்கார்ந்தான். "சத்தியமாத் தெரியாது. பெட்ரோல் விக்கிற வெலையில பிள்ளைக நடைக்குக் கட்டுபடியாகல. அவுககிட்ட எத்தனை தடவை போய் நிக்கிறது? கேஸ்தானேன்னு…"

"அது தெரியாது, நம்புறேன். கதவு தெறந்ததும் மொதல்ல உள்ள போனது நீங்க. மாமாவத் தூக்குற அந்த நேரத்துல அடுப்புத் திருகத் தெறந்து விட்டீகளே, அது தெரியாமச் செஞ்சதா?"

இத்ரீஸ் முகத்தை மூடிக்கொண்டான். அவள் நிறுத்தியிருக்கலாம். நிறுத்த மனசு வரவில்லை. அவ்வளவு எரிச்சல் அவளுக்கு.

"ஒண்ணு கேட்டுக்கங்க. ஜும்மாவுக்குன்னு கெளம்பின மனுசன் திரும்பி வந்து, கதவ மூடிக்கிட்டு, திரைய மடிச்சுச் செருகிக் காத்திருந்தாரு. திருடனப் பிடிக்க. அந்த ஜன்னல்லேர்ந்து பாத்தா இந்தப் பெட்டி பளிச்சுனு தெரியுது."

இத்ரீஸ் கையை எடுத்தான். "பாத்தாகளா?"

"பாத்துட்டுத்தான் சத்தம் போடாம உள்ளயே ஒக்காந்திருந்தாரு. மகளோட புருசனத் திருடன்னு எப்படிக் கூப்பிடுறது? நீங்க போகட்டும்னு இருந்தாரு. நீங்க போறதுக்குள்ள அவரு போயிட்டாரு."

கருத்தக்கண்ணன் கையில் வைத்திருந்த காகிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் போட்டார்.

மாலை 4.40.

அம்மாவாசியை வெளியே விட்டார்கள். ஸ்டேஷன் வாசல்படியில் உட்கார்ந்து செருப்பு மாட்டப் பார்த்தான். பாதம் வீங்கியிருந்ததால் செருப்பு ஏறவில்லை. ராத்திரி அவனிடம் எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று ஞானசெல்விக்குத் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து டீயை நீட்டினாள்.

"மாப்பிளையாம்ல? ஏட்டையா சொன்னாரு." டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டான். "எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கலம்மா. தொழப் போறேன்னு சொல்லி, என்னைய மசாலாச் சாமான் வாங்கக் கம்பத்துக்கு அனுப்பிட்டு, மொதலாளி எதுக்குத் திரும்பி வந்து வேனுக்குள்ள மறைஞ்சாக?"

அசதியாக இருந்திருக்கும், படுத்திருப்பார் என்று ஒரு பொய்யை வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். வாய் திறப்பதற்குள் அவனே கேட்டான்.

"என்னையப் பிடிக்கத்தான?"

ஞானசெல்வி அவனுடைய வீங்கிய பாதத்தைப் பார்த்தாள்.

"சிலிண்டரத் தொடுறவன் நான் ஒருத்தன்தானே. அப்படித்தான் நெனச்சிருப்பாக." சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நோம்புக்கு அவுக கையில கோழி அறுத்துக் குடுப்பாக, நான் சமைப்பேன். இருபத்திரண்டு வருசம்."

"அவரு ஜன்னல் வழியா பாத்துட்டாரு, அம்மாவாசி. நீ இல்லைன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் போனாரு." ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் அதைச் சொன்னாள்.

டீயில் ஆடை படிந்துவிட்டது.

"நானா இருந்திருந்தா அவுக வெளிய வந்திருப்பாகல்ல?"

ஞானசெல்வி பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏலே அம்மாவாசின்னு கத்திக்கிட்டு வந்திருப்பாக. செருப்பக் கழட்டி அடிச்சிருப்பாக. வேலைய விட்டுத் தொரத்தியிருப்பாக." குடிக்காத டீயைப் படியில் வைத்தான். "நானே திருடியிருக்கலாம்மா. மொதலாளி உசுரோட இருந்திருப்பாக."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு பஸ் ஸ்டாண்டு பக்கம் நொண்டிக்கொண்டே நடந்தான்.